சந்தையில் வாங்கிய ஸ்கேட்டிங் கார்ட்டூன்: எந்தக் காலத்துப் படம், எதற்குச் சிரிப்பு?

லண்டனில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் வாங்கிய, சட்டம் போட்ட பழைய படம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். பெரிய கூடம். நடுவில் ஓர் இளம்பெண், அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தபடி ஓர் இளைஞன். இருவர் காலிலும் சக்கரம். கொஞ்சம் தள்ளி ஒரு தொப்பைக்காரர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், அவர் தொப்பி ஒரு பக்கம் உருண்டு போகிறது. இடது ஓரத்தில் பெஞ்சில் குடையோடு ஒரு வயதான அம்மா. கீழே நாலு வரி ஆங்கிலம் இருக்கிறது, அதில் பாதியை உள்ளே வைத்த அட்டை மறைக்கிறது. வலது மூலையில் 'ஸ்வெயின் எஸ்சி' என்று பொடி எழுத்து. விற்றவர் "விக்டோரியா காலத்து ஒரிஜினல்" என்றாராம். அது உண்மையா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சட்டத்தைப் பிரிக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிக்கலாம், பிரிக்கத்தான் வேண்டும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை கத்தியைக் கையில் எடுக்காதீர்கள்.

ஸ்வெயின் என்ற ஓவியரைத் தேடி அலுத்துப்போனதாக எழுதியிருந்தீர்கள். கிடைக்க மாட்டார். ஜோசப் ஸ்வெயின் இந்த மாதிரிப் படங்களை வரைந்தவர் இல்லை, செதுக்கியவர். 'எஸ்சி' என்பது 'ஸ்கல்ப்ஸிட்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம், 'செதுக்கினார்' என்று அர்த்தம். 1840களில் தொடங்கி அந்த நூற்றாண்டு முடிகிற காலம் வரை லண்டன் 'பஞ்ச்' வார இதழின் படங்களை மரத்தில் செதுக்கிக் கொடுத்தது அவருடைய பட்டறை. வேறு பத்திரிகைகளுக்கும் வேலை செய்தார்கள், அதனால் இந்தப் பெயரை மட்டும் வைத்து 'பஞ்ச்' என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் கீழே நாலு வரிப் பேச்சோடு ஒரு கேலிச்சித்திரம் என்றால் நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.

வரைந்தவருடைய அடையாளம் தனியாக இன்னொரு பக்கம் இருக்கும். சார்லஸ் கீன் என்றால் 'சி', 'கே' இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போட்டிருப்பார். ஜார்ஜ் டு மாரியே என்றால் பெயரையே எழுதியிருப்பார். இரண்டு பேரும் அந்தக் காலத்து 'பஞ்ச்' பத்திரிகையின் தூண்கள். பணக்கார வீட்டு வரவேற்பறை, விருந்து, கல்யாணக் கணக்கு இதெல்லாம் டு மாரியேயின் பேட்டை. தெரு, கடைக்காரர், வண்டிக்காரர், குடிகாரர் எல்லாம் கீனுடைய பேட்டை. டு மாரியே வரைகிற பெண்கள் எல்லாருமே பனைமரம் மாதிரி நெடுநெடுவென்று இருப்பார்கள். உங்கள் படத்துப் பெண்ணைப் பார்த்தால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. கையெழுத்து தெரியாத வரை அது என் ஊகம் மட்டுமே.

சரி, காலத்துக்கு வருவோம். இந்த மாதிரிப் படங்களில் காலம் தெரிய முகத்தைப் பார்த்துப் பயனில்லை. காலைப் பாருங்கள். நீங்கள் பெரிதாக்கி அனுப்பிய இரண்டாவது படத்தில், தரையில் விழுந்தவரின் காலடி நன்றாகவே தெரிகிறது: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், வண்டி மாதிரி. ஒரே வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக இல்லை. அந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சக்கரம் கட்டிச் சறுக்கியதாகச் சொல்லப்படுகிற பழைய கதைகளில் மிகவும் பிரபலமானது ஒருவர் மோதிய கதை. ஜான் ஜோசப் மெர்லின் என்று ஒருவர், இன்றைய பெல்ஜியத்தில் 1735இல் பிறந்து 1760இல் லண்டனுக்கு வந்தவர். இயந்திரப் பொம்மைகளும் இசைக்கருவிகளும் செய்வதில் மன்னன். வடக்கு இங்கிலாந்தில் போஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் கழுத்தை வளைத்து மீனைக் கவ்வுகிற வெள்ளி அன்னம் இருக்கிறதே, அதைச் செய்ததில் இவருக்குப் பங்கு உண்டு. இவர் சோஹோ சதுக்கத்தில் கார்லைல் மாளிகையில் நடந்த முகமூடி விருந்து ஒன்றுக்குச் சக்கரக் காலணி போட்டுக்கொண்டு, வயலின் வாசித்தபடியே உருண்டு வந்தாராம். நிறுத்தவும் திருப்பவும் வழி இல்லை. நேரே போய் 500 பவுண்டுக்கு மேல் விலையுள்ள நிலைக்கண்ணாடியில் மோதினார். கண்ணாடி தூள், வயலின் தூள், ஆளுக்கும் பலத்த காயம். பல வருஷம் கழித்து எழுதி வைக்கப்பட்ட கதை, கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் 'திருப்ப வழி இல்லை' என்ற பகுதியை நான் அப்படியே நம்புகிறேன், ஏனென்றால் அடுத்த நூறு வருஷம் எல்லாருக்கும் அதே பாடுதான்.

1819இல் பாரிஸில் பெத்திபிளே என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். 1823இல் லண்டன் பிக்கடிலியில் பழக்கடை வைத்திருந்த ராபர்ட் ஜான் டயர்ஸ், ஒரே வரிசையில் ஐந்து சக்கரம் வைத்து ஒன்று செய்து அதற்கு 'வோலிட்டோ' என்று பெயர் வைத்தார். 1849இல் பாரிஸ் ஓபராவில் மேயர்பீர் என்ற இசையமைப்பாளருடைய ஓர் இசை நாடகத்தில், உறைந்த ஏரியில் சறுக்குவது போன்ற காட்சிக்கு நடனக்காரர்கள் சக்கரம் கட்டி ஆடினார்கள், ஊரே பேசியது. ஆனாலும் இதெல்லாம் வித்தைக்காரர்கள் செய்கிற வேலையாகவே இருந்தது. சாதாரண ஆள் நேராகப் போகலாம், அப்புறம் சுவர் வரும்.

இதை மாற்றியவர் ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்ப்டன். நியூயார்க்கில் மேசை நாற்காலி வியாபாரம். உடம்பு சரியில்லாமல் இருந்தபோது பனிச்சறுக்கு நல்லது என்று டாக்டர் சொல்ல, பனி இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தது 1863ஆம் வருஷத்துக் காப்புரிமை. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி சக்கரம். ஒவ்வொரு ஜோடியின் அச்சும் காலடிப் பலகையோடு இறுக்கமாகப் பூட்டப்படவில்லை. சாய்வான ஒரு முளையில், நடுவில் ரப்பர் மெத்தை வைத்து மாட்டியிருந்தார். நீங்கள் உடம்பை இடது பக்கம் சாய்த்தால் பலகை சாயும், பலகை சாய்ந்தால் முன் அச்சும் பின் அச்சும் இடது பக்கம் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும், வண்டி வளைந்து போகும். நிமிர்ந்தால் ரப்பர் எல்லாவற்றையும் பழையபடி நேராக்கிவிடும். இன்று தெருவில் பிள்ளைகள் ஓட்டுகிற ஸ்கேட்போர்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஏறக்குறைய அதே சங்கதிதான்.

இங்கிலாந்தில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1865இல். அதனால் உங்கள் படம் ஆங்கிலேயப் பத்திரிகைப் படம் என்றால், அந்த நாலு சக்கரத்தை வைத்தே 1865க்கு முந்தியது இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ஒரே வரிசைச் சக்கரமாக இருந்திருந்தால் கதை வேறு.

ஆனால் 1865இலேயே கூட்டம் வந்துவிடவில்லை. பிளிம்ப்டன் தன் சரக்கைக் கடைகளில் விற்கவிடவில்லை. சறுக்குக் கூடம் நடத்துகிறவர்களுக்கு வாடகைக்குத்தான் கொடுப்பார். அமெரிக்காவில் 1866இல் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட்டில், பணக்காரர்கள் கோடைக்குத் தங்குகிற ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தைச் சறுக்குத் தளமாக மாற்றினார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்களும் வந்து போகிற மரியாதையான இடம் என்று பெயர் எடுப்பதுதான் அவர் குறி. இந்த 'மரியாதை' சமாச்சாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெஞ்சில் இருக்கிற அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

இங்கிலாந்தில் பைத்தியம் பிடித்தது 1870களின் நடுவில், சுமார் 1874இலிருந்து. லண்டனில் பிரின்ஸ் கிளப், கடற்கரை ஊரான பிரைட்டன் என்று தொடங்கி, ஊருக்கு ஊர் அஸ்பால்ட் தளமோ சிமென்ட் தளமோ போட்டுக் கூடம் கட்டினார்கள். ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், சக்கரத்துக்குத் தனி வாடகை. ஸ்காட்லாந்தில் பனியில் கல் உருட்டி விளையாடும் தளத்துக்குச் சொல்லிவந்த 'ரிங்க்' என்ற சொல் இந்தக் கூடங்களுக்கு ஒட்டிக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் இந்தக் காய்ச்சலுக்கு 'ரிங்கோமேனியா' என்றே பெயர் வைத்தார்கள். கம்பெனி தொடங்கிப் பங்கு விற்றவர்கள் பலர். பிளிம்ப்டனைக் காப்பியடித்துச் சக்கரம் செய்தவர்களும் பலர், அவர் சும்மா விடவில்லை. 1876இல் மால்கம்சன் என்பவர் மீது போட்ட வழக்கு இன்றும் காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த வழக்கு. உங்கள் கண்டுபிடிப்பைச் சொல்லும் அமெரிக்கப் புத்தகம் முன்னமே லண்டனில் ஒரு நூலகத்துக்கு வந்துவிட்டதே, அப்புறம் எப்படிப் புதுசு என்று எதிர்த்தரப்பு கேட்டது. நூலகத்தில் புத்தகம் வந்து கிடந்தால் மட்டும் நாட்டுக்கே தெரிந்துவிட்டதாக ஆகிவிடாது என்று நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் பிளிம்ப்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருஷமே ஸ்பில்லர் என்பவர் மீது இன்னொரு வழக்கு. சந்தை சூடாக இருந்தால்தானே இப்படி நீதிமன்றம் நீதிமன்றமாக அலைவார்கள்! சில வருஷங்களில் சூடு தணிந்தது, கூடங்கள் பல மூடப்பட்டன.

இதே காலத்தில் லண்டன் செல்சியில் ஜான் கேம்ஜி என்பவர் இயந்திரத்தால் பனிக்கட்டி உறைய வைத்து 1876 ஜனவரியில் ஒரு தளம் திறந்தார். அதை வைத்தும் கேலிப் படங்கள் உண்டு. அதில் காலில் சக்கரம் இருக்காது, கத்தி இருக்கும். உங்கள் படம் அது இல்லை.

அடுத்தது உடை. பாவாடைகள் இந்த விஷயத்தில் நாள்காட்டி மாதிரி. 1870களின் தொடக்கத்தில் இடுப்புக்குப் பின்னால் துணியை மேடு கட்டி உயர்த்தினார்கள். 1875, 76 வாக்கில் அந்த மேடு சரிந்து, முன்பக்கம் உடம்போடு ஒட்டி, துணி முழுவதும் பின்னால் இழுத்துக் கட்டப்பட்டது. பாவாடைக்கு உள்ளே நாடா வைத்துக் காலுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நடக்கவே முழம் முழமாகத்தான் நடக்க முடியும், அதில் சக்கரம் வேறு. 1883க்கு மேல் மேடு திரும்ப வந்தது, இந்த முறை மேலே தேநீர்க் கோப்பையை வைக்கலாம் போல, தட்டையாக. 1890களின் நடுவில் தோளில் பலூன் கை. உங்கள் படத்துப் பெண்ணுக்கு முன்பக்கம் ஒட்டிய பாவாடை, பின்னால் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் வால், தோள் ஒட்டிய கை. ஆகவே 1875க்கும் 1878க்கும் நடுவில் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சக்கரமும் பாவாடையும் பத்திரிகை உலகமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், சந்தையில் 'விக்டோரியா காலம்' என்று விற்கப்படுகிற ஸ்கேட்டிங் படங்களில் பல விக்டோரியா ராணி காலமான 1901க்குப் பிறகு வந்தவை. 1908, 1909 வாக்கில் இங்கிலாந்தில் இரண்டாவது ஸ்கேட்டிங் பைத்தியம் ஒன்று வந்தது, அப்போது வண்ண வண்ணமாக வேடிக்கைத் தபால் அட்டைகள் குவிந்தன. பெரிய இறகுத் தொப்பியும் குழாய் மாதிரி நேரான பாவாடையும் இருந்தால் அந்தக் காலம். அமெரிக்காவிலோ 1880களின் நடுவில்தான் உச்சம். நடுப்பக்கம் முழுக்க வண்ணத்தில் இருந்தால் 'பக்' போன்ற நியூயார்க் பத்திரிகையாக இருக்கலாம். 'பஞ்ச்' இதழின் வாரப் படங்கள் அப்போது கறுப்பு வெள்ளைதான். அதில் வண்ணம் இருந்தால் பிற்காலத்தில் யாரோ தூரிகையால் தீட்டியது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சிரிப்பு எங்கே?

விழுந்த தொப்பைக்காரர்தான் ஜோக் என்று நினைத்துக்கொண்டு, "இதற்கா சிரித்தார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஒரு பக்கவாத்தியம். கச்சேரி பெஞ்சில் நடக்கிறது. அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள், அவர் விழுந்தவரைப் பார்க்கவே இல்லை. ஜோடியைப் பார்க்கிறார். குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். காலில் சக்கரம் இல்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கல்யாணமாகாத மேல்தட்டுப் பெண் தனியாக வெளியே போக முடியாது. அம்மாவோ அத்தையோ கல்யாணமான அக்காவோ துணைக்குப் போவார்கள். நடன விருந்து என்றால் எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அறிமுகம் செய்து வைக்காமல் ஒருவனோடு ஆட முடியாது. யாரோடு எந்த ஆட்டம் என்று அட்டையில் குறித்து வைப்பார்கள். ஒருவனோடேயே திரும்பத் திரும்ப ஆடினால் ஊர் பேசும். வாத்தியம் நின்றால் பெண் அம்மா பக்கத்து நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துவிடலாம்.

ரிங்க் இதை எல்லாம் கலைத்துவிட்டது. அங்கே ஆட்ட அட்டை கிடையாது. பழகாத பெண்ணுக்குக் கை கொடுத்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் விழுவாள். அவள் தடுமாறினால் இடுப்பைப் பிடிப்பதுகூடத் தப்பில்லை, உதவிதானே? விழுந்தால் தூக்கிவிடலாம். தூக்கிவிட்டவன் நன்றிக்கு உரியவன், நன்றி சொன்ன பிறகு பேச்சு வளராமல் இருக்குமா? எல்லாவற்றுக்கும் மேலே வேகம். அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நாலு அடி வைப்பதற்குள் ஜோடி கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடும். வட்டம் முடிந்து இந்தப் பக்கம் வரும்போது அம்மா ஏதாவது சொல்ல வாயைத் திறப்பார், அதற்குள் தாண்டிவிடுவார்கள். பின்தொடர வேண்டுமென்றால் அந்த வயதில் அவரும் சக்கரம் கட்ட வேண்டும், கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் தொப்பைக்காரர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் படக்காரர் சும்மா போடவில்லை.

வாசகர்களும் அதே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்த அம்மாக்கள், அதே மாதிரி வட்டம் போன பெண்கள். 'பஞ்ச்' பத்திரிகை வீட்டு மேசையில் எல்லாரும் புரட்டுகிற பத்திரிகை. அம்மாவும் பெண்ணும் அடுத்தடுத்துப் பார்த்து, ஒருத்தி பெருமூச்சும் ஒருத்தி புன்னகையுமாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால்தான் இந்தப் படத்தின் காரம் தெரிகிறது.

1874இல் இன்னொன்றும் நடந்தது: மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து விளையாடலாம், ஆனால் நடுவில் வலை இருக்கிறது, புல்தரை யாரோ தெரிந்தவர் வீட்டுத் தோட்டமாக இருக்கும். ரிங்க் என்றால் காசு கொடுத்து யாரும் நுழையலாம். பிளிம்ப்டன் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற நினைத்த 'மரியாதை' வாசல் டிக்கெட்டோடு தள்ளாட ஆரம்பித்தது. பெண்கள் சைக்கிள் ஓட்ட இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருந்தது. அதனால் இளம்பெண் ஒருத்தி தன் சொந்தக் காலால் அம்மாவை விட வேகமாகப் போக முடிந்த முதல் பொது இடங்களில் ரிங்க்கும் ஒன்று என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு சின்ன சுவாரஸ்யம். பிளிம்ப்டன் சக்கரங்கள் இரும்பு இல்லை, மரம். பாக்ஸ்வுட் என்று சொல்கிற, தந்தம் மாதிரி வழுவழுப்பான கெட்டி மரம். அந்தச் சக்கரத்தில் விழுந்து எழுந்தவர்களைக் கேலி செய்த படம் செதுக்கப்பட்டதும் பாக்ஸ்வுட்டில்தான்! துருக்கி, கருங்கடல் கரைப் பக்கத்திலிருந்து வருகிற மரம். இழை நெருக்கமானது, அடிமரத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில் தலைமுடி கனத்துக்குக் கோடு செதுக்கினாலும் பிளக்காது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் தாமஸ் பியூவிக் என்ற செதுக்கர் இந்த முறையைப் புகழ்பெறச் செய்தார். சிக்கல் என்னவென்றால் மரம் ஒல்லி, ஒரு சாண் அகலத்துக்குப் பலகை கிடைப்பதே அரிது. அதனால் சின்னச் சின்னத் துண்டுகளை இழைத்து, பின்னால் திருகாணி போட்டு முடுக்கிப் பெரிய பலகை ஆக்குவார்கள். அவசரமென்றால் படத்தை வரைந்த பிறகு திருகாணியைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து இராத்திரியோடு இராத்திரியாகச் செதுக்கி, காலையில் மறுபடி சேர்ப்பார்கள்.

நம் ஊர் அச்சகங்களில் ஈய எழுத்துக் காலத்தில் 'பிளாக் எடுப்பது' என்று சொல்வார்களே, அதன் முன்னோர் இது. எழுத்தின் உயரமும் பலகையின் உயரமும் ஒன்று என்பதால் எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அடிக்கலாம். பலகை தேயாமல் இருக்க, அதிலிருந்து செம்பில் நகல் எடுத்து அச்சடிப்பதும் உண்டு.

இது உங்களுக்கு எப்படி உதவும்? ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். முதலில் படத்தின் குறுக்கே, மேலிருந்து கீழாகவோ பக்கவாட்டிலோ, மயிரிழை மாதிரி நேரான வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். துண்டுகள் சேர்ந்த இடம் அது. அடுத்தது கறுப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள். பேனாவில் போட்ட கோடு ஒன்றன்மேல் ஒன்று சும்மா ஏறிப் போகும். மரத்தில் அப்படி முடியாது, கோடுகளுக்கு நடுவில் இருக்கிற ஒவ்வொரு சின்ன வெள்ளைக் கட்டத்தையும் உளியால் தோண்டி எடுக்க வேண்டும், அதனால் அந்தக் கட்டங்களின் மூலை கூர்மையாகத் தெரியும். மூன்றாவது, சாம்பல் நிறம். அசலில் சாம்பல் என்பதே கிடையாது, எல்லாம் கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளும்தான். கோடுகளே புள்ளி புள்ளியாக உடைந்து தெரிந்தால், அது புகைப்படம் எடுத்து அச்சடித்த பிற்கால நகல். உங்களுடையது அப்படி இருந்தால் வருத்தப்படாதீர்கள், ஜோக் மாறிவிடப் போவதில்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'பஞ்ச்' தன் பழைய தொகுதிகளைப் பிற்காலத்தில் திரும்ப அச்சிட்டு விற்றிருக்கிறது, கேலிச்சித்திரங்களை மட்டும் பொறுக்கித் தொகுதியாகவும் போட்டிருக்கிறது. அதே பலகையின் நகலில் அடித்தது என்பதால் கோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இதற்குத்தான் சட்டத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். வார இதழின் பக்கமானால் மேல் ஓரத்தில் பத்திரிகையின் பெயரும் அந்த வாரத்துத் தேதியும் அச்சாகியிருக்கும். சட்டம் போடுகிறவர்கள் அழகுக்காக உள்ளட்டையை வைத்து அதைத்தான் முதலில் மறைப்பார்கள். இன்னும் மோசமானவர்கள் வெட்டியே எறிந்துவிடுவார்கள். பின்பக்கத்தில் அந்த வாரத்து வேறு நகைச்சுவைத் துணுக்குகள் அச்சாகியிருந்தால் பத்திரிகைப் பக்கம் என்று பெரும்பாலும் நம்பலாம். தாளின் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பஞ்ச்' பக்கம் சுமார் 21 சென்டிமீட்டர் அகலம், 27 சென்டிமீட்டர் உயரம். அதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால் 'கிராஃபிக்' போன்ற பெரிய இதழ்களின் பக்கம் தேட வேண்டும்.

பிரிக்கும் விதம்: கண்ணாடி கீழே இருக்கும்படி துணி விரித்த மேசையில் கவிழ்த்து வையுங்கள். பின்னால் ஒட்டிய தாளைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி மெதுவாக வெட்டுங்கள். அதில் சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் அதை வெட்டாமல் சுற்றிப் போங்கள், அதுவும் ஒரு சாட்சி. ஆணிகளைக் குறட்டால் பிடித்து இழுத்த பிறகு பலகையை எடுங்கள். படம் உள்ளட்டையில் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் ஒரு முறை புத்திசாலித்தனமாக ஈரப் பஞ்சு வைத்து உரிக்கப் பார்த்தேன். படத்தில் இருந்த குதிரைக்கு இன்றுவரை முன்னங்கால் கிடையாது. காகிதப் பராமரிப்புத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதே நல்லது.

நீங்கள் சொன்ன பழுப்புப் புள்ளிகளுக்குக் காரணம் ஈரமும் பழைய அட்டையும். மரக்கூழ் அட்டையில் இருக்கும் அமிலம் வருஷக்கணக்கில் தாளுக்கு ஏறும். புள்ளியைப் போக்க எலுமிச்சை, பிளீச்சிங் என்று எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். அமிலமில்லாத அட்டை வாங்கி மாற்றினால் மேற்கொண்டு கெடாது. படம் கண்ணாடியைத் தொடாதபடி உள்ளட்டை வைத்து, வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள். பலகைக்குப் பின்னால் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், ஆயிரம் புண்ணியம்.

விலை கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், கேள்வியில் கூச்சப்பட்டு விட்டுவிட்டீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. 'பஞ்ச்' தொகுதிகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன, வியாபாரிகள் அவற்றைப் பிய்த்துப் பக்கம் பக்கமாகச் சட்டம் போட்டு விற்கிறார்கள். பெரும்பாலும் படத்தைவிடச் சட்டத்துக்குத்தான் காசு. ஓவியர் கையால் வரைந்த மூலப்படம் என்றால் கணக்கு வேறு, ஆனால் மூலையில் செதுக்கியவர் பெயர் அச்சாகியிருப்பதால் உங்களுடையது அது இல்லை.

பிரித்ததும் மேல் ஓரத்துத் தேதியையும் கீழே மறைந்திருக்கும் இரண்டு வரியையும் படம் எடுத்து அனுப்புங்கள். பெஞ்சில் இருக்கிற அம்மா பேசுகிறாரா, இல்லை அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்கிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கும் அவசரமாக இருக்கிறது.